ஒன்றுவிட்ட சித்தப்பா கடத்திய சூடு

என் அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரத்தில் ஓடும் எதைப் பார்த்தாலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். போன் சார்ஜர், டிவியின் முதுகு, அடுத்த வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டிய புது லேப்டாப், எதையும் விட்டதில்லை. காய்ச்சல் பார்ப்பது போல வைத்து, ஒரு நொடி கண்ணை மூடி, "ம்... கொஞ்சம் அதிகம்தான்," என்பார். உறவினர் ஒருவரின் பணி ஓய்வுக் கூட்டத்தில் மைக் செட்டின் பெட்டியை இப்படித் தொட்டுவிட்டு, மேடையில் பேசிக்கொண்டிருந்தவரிடம் போய், "சீக்கிரம் முடிச்சுக்கோங்க, தாங்காது," என்றார். பெட்டியைத்தான் சொன்னார். பேசிக்கொண்டிருந்தவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அண்ணி வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பட்டப்பெயர். அவர் காதில் விழாது என்று நினைத்துச் சொல்வார்கள். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். உடுப்பு அறை என் பொறுப்பு. கம்ப்யூட்டர் சில்லுகள் செய்யும் இடத்துக்குள் ஒரு தூசி போகக் கூடாது. தூசிகளிலேயே பெரிய தூசி மனிதர்கள்தான். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் என் அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டி, கையுறைமேல் கையுறை போட்டு, கண் மட்டும் தெரிய நிற்க வேண்டும். நான் மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினால்தான் கதவு திறக்கும். முகத்தில் பவுடர் இருந்தால் கழுவிவிட்டு வரச் சொல்வேன். சென்ட் அடித்து வந்ததற்காக இயக்குநரையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும்; இந்த வேலைக்கு அது ஒரு தகுதி என்றே நினைக்கிறேன். என்னை 'கேட் பாஸ்' என்று கூப்பிடுவார்கள்.

நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றிக் குறை சொல்ல வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. ஏமாற்ற எனக்கு மனமில்லை. இரண்டு குறைகள் சொல்கிறேன். அவர் போடும் டீயைக் குடிக்க முடியாது. அவருக்குப் பொய் சொல்ல வராது. முதல் குறையை எப்போதோ மன்னித்துவிட்டேன். இரண்டாவதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே அப்படித்தான். என் அண்ணன் பஸ் டிரைவர். அப்போது அண்ணி படிப்பை முடித்துவிட்டுக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார். தினமும் அண்ணன் ஓட்டும் பஸ்ஸில்தான் வருவார். முன்னால், எஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டில். ஒருநாள் இறங்கும்போது அண்ணனிடம், "உங்க எஞ்சின் மூடி நேத்தைவிட இன்னிக்கு சூடு ஜாஸ்தி," என்றார். "எஞ்சின்னா சூடாத்தாங்க இருக்கும்," என்று அண்ணன் சிரித்தான். அடுத்த நாள் பாலத்தின் நட்டநடுவில் பஸ் புகை கக்கி நின்றது. பயணிகள் எல்லோரும் அண்ணனைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போக, அண்ணி மட்டும் போகாமல் நின்று, எஞ்சின் ஆறும்வரை துணைக்கு இருந்தாராம். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அந்த இடத்தில் விழுந்தவன்தான் என் அண்ணன்.

அண்ணிக்கு அப்படி என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கம்ப்யூட்டர் சூடாகாமல் பார்த்துக்கொள்கிறார் என்றால், "அதுக்குத்தான் ஃபேன் இருக்கே," என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபேன் வெளியே இருக்கிறது. சூடு உள்ளே பிறக்கிறது. ஒரு சில்லுக்குள் கோடிக்கணக்கான சுவிட்சுகள். தலைமுடி ஒன்றின் குறுக்களவுக்குள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது துளி சூட்டைக் கக்கும். அந்தச் சூடு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட படலங்களைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். வரத் தவறினால் சில்லு கொதிக்கும். கொதித்தால் மின்சாரம் வீணாக ஒழுகும், ஒழுகினால் இன்னும் கொதிக்கும். இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார்.

எனக்கு அண்ணி புரியவைத்த விதம் வேறு. "சூடு ஒரு பொருளுக்குள்ள ஓடறது பெரிய விஷயமில்ல. இந்தப் பொருள்லேருந்து அந்தப் பொருளுக்குத் தாண்டற எல்லைலதான் நின்னுடும். புது வீட்டு வாசல்ல மருமகள் தயங்கி நிக்கற மாதிரி."

"நீங்க எங்க தயங்கினீங்க? நேரா சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தீங்க."

"நீ கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனே, அதனால போனேன். என் அடுக்கும் அதைத்தான் பண்ணுது. அது நாத்தனார்."

அந்த அடுக்குதான் அவருடைய ஒன்பது வருட உழைப்பு. கீழே சிலிக்கன். மேலே, சூட்டை நாலா பக்கமும் பரப்பிவிடும் ஒரு படலம். இரண்டுக்கும் நடுவில், சில அணுக்களே கனமுள்ள ஒரு மெல்லிய அடுக்கு. அதைப் போட்டால் சூடு தயங்காமல் தாண்டுகிறது என்று அவருடைய அளவுகள் வருடக்கணக்காகச் சொல்லி வந்தன. அவர் அதை அடுக்கு என்றார். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது நாத்தனார் என்றார். எனக்கு உள்ளூர ஒரே பூரிப்பு.

அளப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. அதில்தான் நான் வருகிறேன். படலம் போடுபவர் ஆவி அண்ணன். உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைப்பவர் என்பதால் அந்தப் பெயர். மற்றபடி நல்ல கனமான உடம்பு. அவர் சிலிக்கன் துண்டுகளைத் தயார் செய்து, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு, பெட்டியின் அடியில் எது என்ன என்று எழுதுவார். அந்தப் பெட்டிகள் நேராக அண்ணியிடம் போகாது. என்னிடம் வரும். நான் அடியில் எழுதியதன் மேல் டேப் ஒட்டி மறைத்து, பெட்டிகளைக் குலுக்கிக் கலைத்து, மூடியில் வேறு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். எது அடுக்கு போட்டது, எது போடாதது என்று தெரியாமலே அண்ணி அளப்பார். அளந்து முடித்த பிறகுதான் டேப்பை உரிப்போம்.

"எதுக்கு அண்ணி இந்தக் கண்ணாமூச்சி?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"எனக்கு என்ன வேணுமோ அதைத்தான் என் கண்ணு பார்க்கும். எது எதுன்னு தெரியாம இருந்தாத்தான் நான் நியாயமா இருப்பேன்."

என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டதால் நான் உறவுமுறைகளை எழுத ஆரம்பித்தேன். பெரியம்மா, தாய்மாமா, மாமியார், ஓரகத்தி, சகலை. சும்மா எழுதினால் போதாது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு முகமும் வரைவேன். பெரியம்மாவுக்குக் கொண்டை, சகலைக்கு வழுக்கை. மதியம் சாப்பாட்டு மேசையில் அண்ணி நிதானமாகச் சொல்வார்: "தாய்மாமா ஒண்ணுத்துக்கும் உதவ மாட்டேங்கறார். மாமியார் தாராளம். ஓரகத்திகிட்ட போனது அப்படியே நின்னுடுது." பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் புதுச் சில்லு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று நோயாளியின் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கணினிக்கான சில்லு. மின்சாரம் போனாலும் பேட்டரியில் மணிக்கணக்காக ஓட வேண்டும். விசிறி வைக்கக் கூடாது. விசிறியே பாதி பேட்டரியைத் தின்றுவிடும். அதில் அண்ணியின் அடுக்கைப் போடலாம் என்று முடிவானது. ஒன்பது வருடமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்தது ஒரு நிஜமான சில்லுக்குள் போகப் போகிறது. இன்னொன்றும் இருந்தது. சில்லு வரைபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: சில்லின் ஒரு மூலையில் துளி இடம் விட்டு, அதில் முக்கியமாக உழைத்தவரின் அடையாளத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறித்து வைப்பார்கள். இந்த முறை அந்த மூலை அண்ணியின் முதலெழுத்துக்கு என்று வடிவமைப்புக் குழுவின் தலைவியே சொல்லிவிட்டார்.

வீட்டில் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. கண்டக்டரிடம் சொன்னான், டிப்போவில் சொன்னான், சிக்னலில் பக்கத்து பஸ் டிரைவரிடம் ஜன்னல் வழியாகச் சொன்னான். "எவ்வளவு பெரிசா எழுதுவாங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "கண்ணுக்கே தெரியாது," என்று இவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல, கேட்டவர் குழம்பிப் போனாராம்.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. மூன்று துண்டுகள் அடுக்கோடு, மூன்று அடுக்கு இல்லாமல். அளவுகளைப் பார்த்துவிட்டு, வடிவமைப்புக் குழு அதே வாரம் வந்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஆவி அண்ணன் ஆறு பெட்டிகளை என் மேசைமேல் வைத்தார். ஏழாவது ஒன்றைத் தனியாகக் குப்பைக் கூடை பக்கம் வைத்தார்.

"அது என்னண்ணா?"

"பாழ். அடுக்கு போடற நேரத்துல மெஷினுக்குள்ள இருக்கற மூடி மாட்டிக்கிச்சு, திறக்கவே இல்ல. அடுக்கு விழாம மேல்படலம் மட்டும் விழுந்திருக்கு."

"அண்ணிதான் கெட்டதையும் அளக்கணும்னு சொல்வாங்களே?"

"அளக்கட்டும், எனக்கென்ன," என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் எழுதியிருந்த 'பாழ்' என்ற சொல்லின் மேல் டேப் ஒட்டினேன். ஆறு பேருக்கும் நெருங்கிய உறவு கொடுத்தாகிவிட்டது. அழைக்காமல் வந்து பந்தியில் உட்கார்ந்த இதற்கு என்ன கொடுப்பது? ஒன்றுவிட்ட சித்தப்பா என்று எழுதினேன். முறுக்கின மீசை வரையப் போய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மூக்கு நுனியில் ஒரு கண்ணாடியும் மாட்டிவிட்டேன்.

அண்ணியின் அளக்கும் அறையில் இரண்டு லேசர்கள். துண்டின்மேல் மினுமினுவென்று ஒரு அலுமினியப் பூச்சு இருக்கும். ஒரு லேசர் அதைத் தட்டிச் சூடாக்கும். இன்னொன்று, மினுமினுப்பு எவ்வளவு சீக்கிரம் பழையபடி ஆகிறது என்று பார்க்கும். சீக்கிரம் ஆனால், சூடு எல்லையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அண்ணி அளந்துவிட்டு, பெட்டிகளைத் தட்டில் வைத்து, என் அறைக்கு எடுத்து வந்தார். ஆவி அண்ணனும் கூட வந்தார்.

"நாலு நல்லா விடுது. மூணு விடல," என்றார் அண்ணி. நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. அடுக்கு போட்டது மூன்றுதானே?

நான் டேப்பை உரித்தேன். பெரியம்மா: அடுக்கு உண்டு, நல்லது. ஓரகத்தி, மாமியார்: அதேதான். சகலை, அத்தை, தாய்மாமா: அடுக்கு இல்லை, மோசம். எல்லாம் முறைப்படி இருந்தது. கடைசியாக ஒரு பெட்டி இருந்தது.

"நாலுலயும் முதலிடம் இவருக்குத்தான்," என்று அண்ணி மூடியைப் பார்த்துச் சொன்னார். "மத்த மூணு பேரைவிட ஒரு துளி அதிகமாவே விடறார், உன் ஒண்ணுவிட்ட சித்தப்பா."

உரித்தேன். பாழ்.

ஆவி அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அண்ணே, அடுக்கு போடறதுக்கு முன்னாடி துண்டை என்ன பண்றீங்க?"

"வழக்கம்போலத்தான். காத்தை எல்லாம் உறிஞ்சிட்டு, உள்ளயே வெச்சு நல்லா சூடாக்குவேன். மேல ஒட்டியிருக்கற ஈரம் கீரம் எல்லாம் போயிடும். அப்புறம் அடுக்கு, அதுக்கு மேல படலம்."

"அடுக்கு போடாத துண்டுக்கு?"

"அதுக்கு எதுக்கு சூடு? நேரா படலம்தான். நீங்கதானே அப்படிச் செய்யச் சொன்னீங்க, முதல்ல?"

"ஆமா," என்றார் அண்ணி. "நான்தான் சொன்னேன்."

எனக்கே புரிந்துவிட்டது. பாழான துண்டும் சூடாக்கியதுதான், அடுக்கு மட்டும்தான் விழவில்லை. ஒன்பது வருடமாக ஒரு பக்கம் சூடாக்கிச் சுத்தம் செய்த துண்டு, மறுபக்கம் செய்யாத துண்டு. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு வித்தியாசம் அடுக்கால் வந்தது என்று நம்பியிருக்கிறார்கள். சூட்டைத் தாண்ட விட்டது அந்தச் சுத்தம். அடுக்கு சும்மா நடுவில் நின்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தது.

"நாத்தனார் தேவையே இல்ல," என்றார் அண்ணி, என்னைப் பார்த்து. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வாசலைச் சுத்தமா பெருக்கி வெச்சா போதும். மருமகள் தானா உள்ள வந்துடுவா."

ஒரே ஒரு துண்டை வைத்து முடிவு கட்ட மாட்டார் அவர். ஆவி அண்ணனை இன்னும் சில துண்டுகளைச் சூடாக்க மட்டும் செய்து, அடுக்கு இல்லாமல் தரச் சொன்னார். நான் மறுபடி டேப் ஒட்டினேன். அவசரமாக வரைந்ததால் இந்த முறை எல்லா முகங்களும் கோணலாகத்தான் வந்தன. தப்பாக இருக்க வேண்டும், தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே குலுக்கினேன். அளந்தார். அதே கதைதான்.

ஆவி அண்ணன் நல்ல மனிதர். அண்ணிக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். "மேடம், அந்தப் பாழை நான் குப்பைல போட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. சூடாக்கி, அடுக்கும் போட்டு அனுப்பினா சில்லு ஜம்முனு ஓடத்தான் போகுது. யாருக்கு நஷ்டம்?" அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சில்லு ஓடியிருக்கும். மூலையில் அண்ணியின் எழுத்து இருந்திருக்கும். அண்ணி, "குழு வந்ததும் உள்ளதைச் சொல்லிடறேன்," என்று பெட்டிகளைத் தட்டில் அடுக்கினார்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவன் கழற்றிய சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "அண்ணிகிட்ட பேசிப் பாரேண்ணா," என்றேன். "நீ சொன்னா கேட்பாங்க."

"எஞ்சின் மூடி சூடுன்னு என்கிட்ட வந்து சொன்னாளே," என்றான் அண்ணன், "அன்னிக்கு அவளை யார் கேட்டா?"



வடிவமைப்புக் குழு வந்த அன்று காலையில் என் அறை நிரம்பி வழிந்தது. இயக்குநர், குழுத் தலைவி, அவருடன் வந்தவர்கள். அண்ணி வெளியே கூட்ட அறையில் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அளவுகளை உள்ளே திரையில் காட்டுவது என்று இயக்குநர் திட்டத்தை மாற்றிவிட்டார். எல்லோரும் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் வலது காலை உடுப்புக்குள் நுழைத்துவிட்டு, இடது காலுக்கு வழி தேடி ஒற்றைக் காலில் தத்திக்கொண்டிருந்தார். அப்போது அண்ணி, கண் மட்டும் தெரிய நின்றபடி, "சார், உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். என் அடுக்கு வேலை செய்யல," என்றார்.

இயக்குநர் என் மேசையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்திருப்பார்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். சூடாக்கியது, சூடாக்காதது, மூடி மாட்டிக்கொண்டது, ஒன்றுவிட்ட சித்தப்பா. ஆவி அண்ணன் பெயரை எடுக்கவே இல்லை. "செய்முறை சொன்னது நான். தப்பு என்னோடது," என்றார். பெட்டியையும் உரித்த டேப்பையும் கொண்டுவந்திருந்தார். குழுத் தலைவி பெட்டியை வாங்கிப் பார்த்தார். மூடியிலிருந்து கோணல் மீசை அவரைப் பார்த்தது.

"ஒன்பது வருஷம்," என்றார் இயக்குநர். அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். "இந்த ஒன்பது வருஷமும்..."

"தப்பான காரணத்தை அளந்திருக்கேன் சார்."

குழுத் தலைவிக்கு வேறு சந்தேகம். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டையும் சேர்த்துப் போட்டிருந்தா சில்லு ஓடியிருக்கும்தானே? நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம். எதுக்குச் சொன்னீங்க?"

"இந்தச் சில்லு ஓடியிருக்கும் மேடம். அடுத்த சில்லுல யாரோ ஒருத்தர் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பாங்க. 'அடுக்குதானே முக்கியம், இந்தச் சூடாக்கற வேலை எதுக்கு?'ன்னு அதை விட்டுடுவாங்க. அப்போ சூடு உள்ளயே நின்னுடும். எங்கயோ ஒரு கட்டிலோரத்துல அந்த மெஷினும் நின்னுடும். ஏன்னு ஒருத்தருக்கும் தெரியாது." டேப்பை என் மேசைமேல் வைத்தார். "என் அடுக்கை எடுத்துடுங்க. சூடாக்கிட்டு நேரா படலத்தைப் போடுங்க. ஒரு வேலை மிச்சம், சூடும் ஒரு துளி அதிகமாவே போகும். அந்த மூலைல என் எழுத்தும் வேண்டாம்."

வெள்ளை உடுப்பில் யார் முகமும் தெரியாது. எனக்குக் கண்களைப் படித்துப் பழக்கம். இயக்குநர் கண் தரையைப் பார்த்தது. தலைவியின் கண் அண்ணியை விட்டு நகரவில்லை. அண்ணியின் கண் நேராக இருந்தது, ஓரத்தில் மட்டும் சிவந்திருந்தது. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குத் தலையாட்டிக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். அன்று அண்ணிக்காகத் தலையாட்டியபோது என் கழுத்து தானாக நிமிர்ந்தது. இவர் என் அண்ணி என்று அந்த அறையில் கத்த வேண்டும் போல இருந்தது.

பெருமை எனக்கு இருந்தது. துக்கம் அவருக்கு இருந்தது. அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அவர்கள் எல்லோரும் போன பிறகு, துவைத்து வந்த உடுப்பு மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அண்ணி அழுதார். ஒரு வெள்ளை உடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, அதன் கையைத் தடவித் தடவி அழுதார். "பிடிச்சுப் போச்சுடி அதை," என்றார். "கெட்ட அடுக்கு இல்ல. பாவம், அது ஒண்ணும் பண்ணல." நான் யாரையும் உள்ளே விடவில்லை. காத்திருந்தவர்களிடம் உடுப்பு ஈரமாக இருக்கிறது என்றேன். அன்று அது முழுப் பொய்யும் இல்லை.

கூடத்தில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? "தெர்மாமீட்டர் உடைஞ்சுபோச்சு" என்று ஒருவர் நடைபாதையில் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அவருக்கு அதன் பிறகு ரொம்ப நாள் ஒரு சைஸ் சின்னக் கையுறைதான் கிடைத்தது. பெரியது தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். அண்ணிக்குத் தெரிந்து என்னை ஒரு பிடி பிடித்தார். நிறுத்தினேன். உடனே நிறுத்தவில்லை.

ஆனால் பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பியது. அண்ணி சொன்ன வழியில் சில்லைச் செய்து பார்க்கலாம் என்று குழுத் தலைவி பிடிவாதமாக நின்றார். ஆவி அண்ணன் துண்டுகளைச் சூடாக்கினார், நேராகப் படலம் போட்டார். அந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். நீளமான பெயர் ஒன்று இருந்தது. யார் வாயிலும் நுழையவில்லை. ஒருநாள் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் இன்னொருவரிடம், "இந்தத் துண்டுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா ஆயிடுச்சா?" என்று வெகு இயல்பாகக் கேட்டார். "ஆயிடுச்சு, காலைலயே," என்று பதில் வந்தது. இரண்டு பேரும் சிரிக்கக்கூட இல்லை. நான்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தேன்.

சில்லு தயாராகி வந்தபோது, ஒரு பலகையில் பொருத்தி ஓடவிட்டார்கள். விசிறி இல்லை, மூடி இல்லை. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண அறைதான், உடுப்பு தேவையில்லை, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் எண்கள் ஓடின. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இயக்குநர் அண்ணியைப் பார்த்து, "நீங்க தொட்டுப் பார்த்துச் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி," என்றார்.

அண்ணி புறங்கையைச் சில்லின்மேல் வைத்தார். கண்ணை மூடினார். வழக்கமான ஒரு நொடி போனது. பிறகும் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணும் தெரியல," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆவி அண்ணன் முதலில் கைதட்டினார், பிறகு எல்லோரும்.

கைதட்டல் அடங்கியதும் குழுத் தலைவி என்னை மைக்ராஸ்கோப் பக்கம் கூப்பிட்டார். "கேட் பாஸ் மேடம், நீங்க முதல்ல பாருங்க." ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். கோடு கோடாக ஒரு நகரம் போலத் தெரிந்தது. அவர் திருகைத் திருப்பி மூலைக்குக் கொண்டுபோனார். அண்ணியின் எழுத்து இருந்திருக்க வேண்டிய இடம். அங்கே ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறுக்கின மீசை, ஒரு பக்கம் கோணல். மூக்கு நுனியில் கண்ணாடி.

"இடம் காலியா இருந்துச்சு," என்றார் தலைவி. "அந்தப் பெட்டியை நான் திருப்பித் தரவே இல்ல, கவனிச்சீங்களா?"

அண்ணியும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. தன் எழுத்து அங்கே இல்லை என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை. உலகத்தில் எத்தனை ஆஸ்பத்திரிகள், எத்தனை கட்டில்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தக் கோணல் மீசை சத்தமில்லாமல் சூட்டைக் கடத்திக்கொண்டு நிற்கப் போகிறது. அது ஏன் ஓடுகிறது என்பதற்கான சரியான காரணமும் கூடவே போகும். அதைப் போக வைத்தவர் என் வீட்டில் வாயில் வைக்க முடியாத டீ போடும் பெண். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

"கடைசில நாத்தனார் வேண்டாம்னு ஆயிடுச்சு, இல்லையா அண்ணி?" என்றேன், அழுவதை மறைக்க.

"யாரு சொன்னா? வாசலைப் பெருக்கறது யாரு, நானா?" என்றார் அண்ணி. "நீ குப்பைக் கூடை பக்கத்துலேருந்து எடுத்து டேப் ஒட்டலைன்னா அவரை யாரு உள்ள விட்டிருப்பா?"

அண்ணி கிட்டே வந்து, சற்றுமுன் சில்லின்மேல் வைத்த அதே புறங்கையை என் ஈரக் கன்னத்தில் வைத்தார். ஒரு நொடி கண்ணை மூடினார்.

"ம்... கொஞ்சம் அதிகம்தான்," என்றார்.